விமானம் ஏறுமுன் தறிக்கணக்கை முடியுங்கள்

ஆரணி, போளூர் வட்டாரத்தில் தறியை நிறுத்திவிட்டு வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட் எந்த வகை என்பதைத்தான். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் 'ஈசிஆர்', அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். படிப்பைப் பாதியில் விட்டுத் தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அவர்கள் சவுதி, குவைத், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

இந்த அனுமதியை வீண் அலைச்சல் என்று சொல்லி, 'விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகள் உண்டு. நம்பாதீர்கள். அனுமதி பெற்றுப் போகிறவருக்கு வேலை ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகிறது. கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தபோது இறந்த இந்தியர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். அப்படியொரு செய்தி வரும் நாளில் காப்பீட்டுத்தாளும் ஒப்பந்த நகலும் வீட்டில் இருக்க வேண்டும். போகிறவரின் பெட்டியில் மட்டும் இருந்து பயனில்லை.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையின் 1800 11 3090 என்ற எண்ணில் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

இனி வீடு. தறிக்காரர் வீட்டில் இதுதான் பெரிய வேலை. பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவதும் இதைத்தான். தறியில் பாவு பாதியில் நிற்கும்போது புறப்படக் கூடாது. குழித்தறியில் ஈரம் ஏறும், எலி கடிக்கும், பட்டு பாழாகும். நூலும் ஜரிகையும் முதலாளி எடை போட்டுக் கொடுத்தவை. மீதியையும் எடை போட்டே திருப்பிக் கொடுத்து, கணக்கு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பணம் பாக்கி இருந்தால் எவ்வளவு, எந்த மாதத்துக்குள், யார் கட்டுவது என்று எழுதி இரண்டு பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் விட்ட பாக்கி, கணவர் இல்லாத வீட்டில் மனைவியின் தலையில்தான் விழும். நான் இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

வீடு, நிலம் தொடர்பான வேலைகளுக்குப் பவர் பத்திரம் தேவைப்பட்டால், புறப்படும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது எளிது. வாடகை வசூலிக்க, வரி கட்ட, வழக்கில் ஆஜராக என்று வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். விற்கும் உரிமையை அவசியமின்றிச் சேர்க்காதீர்கள். வெளிநாடு போன பிறகு என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வையும் கட்ட வேண்டும்.

வேலைக்காக வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு தொடங்கலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. எந்தக் கணக்கானாலும் நாமினி பெயரைச் சரிபாருங்கள்.

கடைசியாகப் பெட்டி. அம்மா அரைத்துத் தரும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அமீரகம், சவுதி, சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. டிரமடால், கோடீன் உள்ள மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. அமீரகத்தில் முன் அனுமதியும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 'அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்' என்று பொட்டலம் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2019இல் உறவினர் கொடுத்த பொட்டலத்தோடு கத்தாரில் இறங்கிய மும்பைத் தம்பதிக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாகி ஊர் திரும்ப 2021 ஆகிவிட்டது.