செம்பருத்தி மட்டும் போட்டோவில் ஏன் சிவப்புத் திட்டாகிறது?

காலையில் மாடித்தோட்டத்துக்குப் போனால் செம்பருத்தி பளிச்சென்று பூத்திருக்கிறது. போனை எடுத்து ஒரு கிளிக். திரையில் பார்த்தால் இதழின் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை. சிவப்பு பெயின்ட் கொட்டின மாதிரி ஒரு திட்டு. ‘சரி, நாளைக்கு எடுத்துக்கலாம்’ என்று விடவும் முடியாது. செம்பருத்தி பெரும்பாலும் ஒரு நாள் பூ. சுருங்கிவிட்டால் அவ்வளவுதான்.

தப்பு போன்லயா, எடுக்கிறவர்கிட்டயா? ரெண்டும் இல்லை. விஷயம் வெளிச்சத்தில் இருக்கிறது.

சிவப்பில் என்ன சிக்கல்?

பூவைச் சுற்றி இருப்பது கரும்பச்சை இலைகள். ‘காட்சி இருட்டா இருக்கு’ என்று கணக்குப் போடும் கேமரா, மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்குகிறது. அதில் சென்சாரின் சிவப்புப் புள்ளிகள் உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. அதற்கு மேல் வரும் வித்தியாசம் எதுவும் பதிவாகாது. பதிவாகாததை எடிட்டிங்கிலும் மீட்க முடியாது.

தீர்வு சுலபம். திரையில் பூவின் மேல் தட்டுங்கள். பல போன்களில் பக்கத்திலேயே ஒரு சூரியன் ஐகான் வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் லேசாக இருட்டானால் பரவாயில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

எப்போது எடுப்பது?

நம் ஊரில் சூரியன் விறுவிறுவென மேலே ஏறிவிடும். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், உதயமாகி 1 மணி நேரத்தில் சென்னையில் சூரியன் சுமார் 14 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். லண்டனில் அது சுமார் 9 டிகிரிதான். அதனால் மென்மையான காலை வெளிச்சம் நமக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். மேகமூட்டமான நாள் என்றால் கவலையே இல்லை. வானம் முழுக்க ஒரே பெரிய விளக்கு மாதிரி.

வெயில் ஏறிவிட்டதா?

வெள்ளை வேட்டி போதும். பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒருவர் விரித்துப் பிடித்தால் கடுமையான நிழல் கரைந்துவிடும். நிழல் பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை வைத்தால் அங்கேயும் வெளிச்சம் திரும்பும். கலர் துணி வேண்டாம், அந்த நிறம் இதழில் ஒட்டிக்கொள்ளும்.

ரொம்ப கிட்டப் போகலாமா?

போனால் ஃபோகஸ் நழுவும். ஓரடி பின்னால் வந்து 2 மடங்கு ஜூம் வைப்பது நல்லது. போர்ட்ரெய்ட் மோடும் உஷார்: நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடலாம்.

மல்லிகை என்றால்?

கணக்கு தலைகீழ். திரை முழுக்க வெள்ளைப் பூக்கள் இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அப்போது சூரியன் ஐகானை மேலே தள்ள வேண்டும். ஆனால் கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒற்றைப் பூ என்றால், செம்பருத்தி மாதிரியே கீழேதான்.

நாளை காலை செடியில் வேறொரு மொட்டு விரியும். வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய்விடுங்கள்.