“சும்மா இருக்கிறாள்” என்று சொல்லாதீர்கள்!

கதவு தட்டும் சத்தம் கேட்கிறது.

வாசலில் ஒரு வாலிபர் நிற்கிறார். கழுத்தில் அடையாள அட்டை. கையில் சிலேட்டுப் பலகை போல ஒரு சிறு கம்ப்யூட்டர்.

“அரசாங்கத்திலிருந்து வந்திருக்கேனுங்க அக்கா. வேலைவாய்ப்பு சர்வே. உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்க?”

ஊர், திருப்பூர் மாவட்டம் கணியூர் என்று வைத்துக்கொள்வோம். மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி அது. அமராவதி ஆற்றுப் பாசனம். கணியூர் பெயரிலேயே ஒரு பழைய வாய்க்கால் உண்டு. ஒரு பக்கம் வயலும் தோப்பும். மறுபக்கம் பனியன் தொழிலும் நூல் மில்லும்.

இந்த வீடும் இந்த மனிதர்களும் நம் கற்பனை. ஆனால், அவர் கேட்கப் போகும் கேள்விகள் கற்பனை அல்ல!

வீட்டு அம்மா பதில் சொல்கிறார்:

“பையனுக்கு இருபத்திரண்டுங்க தம்பி. வேலை தேடிட்டு இருக்கறான். புள்ளைக்குப் பத்தொன்பது. பன்னெண்டாவது முடிச்சுட்டு ஊட்டுல சும்மாதானுங்க இருக்குது.”

அவசரக்காரராக இருந்தால், வந்தவர் இதோடு முடித்துக்கொள்வார். பையனுக்கு 81 என்று ஒரு எண். அதற்கு “வேலை தேடுபவர்” என்று பொருள். பெண்ணுக்கு 92. “வீட்டு வேலை மட்டும் செய்பவர்” என்று பொருள். ஐந்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால், வந்தவர் விவரம் தெரிந்தவர். இன்னொரு கேள்வி கேட்கிறார்.

“போன ஏழு நாள்ல, வருமானத்துக்காக ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செஞ்சுதுங்களா?”

அம்மா திரும்பிப் பார்க்கிறார். மூலையில் ஒரு மூட்டை கிடக்கிறது. மூட்டை நிறைய பனியன்!

“ஓ, அதுங்களா? பிசிறு வெட்டறதுங்க. ஒருத்தரு கொண்டாந்து போட்டுட்டுப் போவாரு. பீசுக்கு இத்தனைன்னு காசு. அதெல்லாம் ஒரு வேலைங்களா தம்பி?”

வேலைதான்! தைத்து வந்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டாமல் ஒரு பெட்டியும் கப்பல் ஏறாது. அந்தப் பெண் சும்மா இல்லை.

பையன் விஷயமும் அப்படித்தான். போன வாரம் இரண்டு நாள் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியிருக்கிறான். அந்த வாரக் கணக்கில் அவன் “வேலை உள்ளவன்”!

ஒரு மணி நேரம் போதுமா?

இந்த சர்வே 2017 ஏப்ரலில் தொடங்கியது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதை நடத்துகிறது. வேலை இல்லாத் திண்டாட்டம் இத்தனை சதவீதம் என்று பத்திரிகையில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்த எண் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இதில் இரண்டு அளவுகோல் உண்டு. ஒன்று, கடந்த ஏழு நாள். அதில் ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலை உள்ளவர். மற்றொன்று, கடந்த 365 நாள். ஆண்டில் பெரும்பகுதி என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். அதில் வேலை இல்லை என்றாலும், 30 நாளாவது ஒரு வேலை செய்திருந்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

ஒரு மணி நேரம் வேலை செய்தவன் வேலை உள்ளவனா? அந்தக் காசில் ஒரு வேளைச் சாப்பாடு நடக்குமா? நியாயமான கேள்விதான். உலக நாடுகள் பலவும் பின்பற்றும் வழக்கம் என்று நிபுணர்கள் பதில் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. ஆனால், ஒரு நன்மை உண்டு. “ஒரு மணி நேரமாவது?” என்று கேட்பதால்தான் மூலையில் கிடந்த மூட்டை வெளியே வந்தது!

உப்பு சொன்ன உண்மை

நேராகக் கேட்டால் கிடைக்காத உண்மை, சுற்றி வந்து கேட்டால் கிடைத்துவிடும். இதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. புகழ்பெற்ற புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

1947-ல் டில்லியில் கலவரம். ஏராளமானோர் செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு காண்டிராக்டர்களிடம் இருந்தது. பில்தொகை ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே எத்தனை பேர்? எண்ண வழியில்லை.

புள்ளிவிவர நிபுணர்கள் உள்ளே போகவே இல்லை. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கணக்கை மட்டும் வாங்கினார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரியும். வகுத்துப் பார்த்தார்கள். அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு!

உப்பையே நம்பினார்கள். ஏன்? அரிசி விலை அதிகம். பொய் எழுதினால் லாபம். மலிவான உப்பில் பொய் எழுதி யாருக்கு என்ன லாபம்?

ஒரு பானைச் சோறு

2025 ஜனவரியிலிருந்து இந்த சர்வேயை விரிவாக்கியிருக்கிறார்கள். முன்பு ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் வீடுகள். இப்போது 2,72,304 வீடுகள். தேர்ந்தெடுத்த வீட்டுக்கு மாதம் ஒரு முறை வீதம் நான்கு முறை வருவார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் சுமார் 25 கோடி குடும்பங்கள். அதை வைத்துப் பார்த்தாலே, சராசரியாக ஒரு வீடு 900 வீடுகளுக்குப் பதில் சொல்கிறது!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மேலாக இருக்கும் சோற்றை மட்டும் எடுத்தால் பதம் தெரியாது. அதனால்தான் குலுக்கல் முறையில் வீடுகளைப் பொறுக்குகிறார்கள். பெரிய வீடு, தெரிந்த வீடு என்று தாமாகப் போக முடியாது.

அப்படி வந்த வீட்டில் ஒரு தாய் “சும்மா” என்று சொன்னால் என்ன ஆகும்? கணக்கில் 900 பெண்கள் சும்மா ஆகிவிடுவார்கள்!

நூறில் சேராத பெண்

2017-18-ல், 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் வேலை இல்லாதவர் நூற்றுக்கு 17.8 பேர். 2023-24-ல் 10.2 பேர். இந்த எண்களைப் பார்த்துத்தான் வாலிபர்களுக்கான திட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த “நூறு” யார்? வேலை செய்பவரும், வேலை தேடுபவரும் மட்டுமே. 92 என்று எழுதப்பட்ட பெண் அந்த நூறிலேயே கிடையாது. அவளுக்கு வேலை இருக்கிறது என்றும் இல்லை. வேலை இல்லை என்றும் இல்லை.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ல் “நான் முதல்வன்” திட்டம் வந்தது. மாணவர்களுக்குத் தொழில்திறன் கற்பிப்பதற்காக வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ல் “புதுமைப் பெண்” திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் ரூ.1,000. இரண்டும் நல்லவை. ஆனால், நம் கணியூர்ப் பெண் கல்லூரி மாணவியும் அல்ல. வேலை தேடுபவர் பட்டியலிலும் இல்லை. பிசிறு வெட்டும் பெண்ணுக்கு ஓவர்லாக் மிஷின் ஓட்டக் கற்றுக் கொடுத்தால் கூலி கூடும். அவள் இருப்பதே காகிதத்தில் இல்லாதபோது, கற்றுக் கொடுக்க யார் வருவார்கள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டுக்கு மூட்டை வாங்கி வேலை செய்பவரை இந்தக் கணக்கு “சுயதொழில் செய்பவர்” என்று எழுதுகிறது. பீசுக்கு எவ்வளவு என்பதை மூட்டைக்காரர் சொல்வார். இவள் சுயதொழில் அதிபர்!

அம்மாவின் பயம்

அந்த அம்மா வேண்டுமென்று மறைக்கவில்லை. பாதி, அது வேலை என்றே அவருக்குத் தோன்றவில்லை. மீதிப் பாதி பயம்.

“காசு வருதுன்னு சொன்னா, எனக்கு வர்ற உரிமைத் தொகை நின்னு போயிருமுங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார்.

“புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், 2008” என்று ஒரு சட்டம் உண்டு. திரட்டிய விவரத்தைப் புள்ளிவிவரம் அல்லாத வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். வந்தவர் இதைப் பொறுமையாகச் சொல்கிறார். ஒரு முறை சொன்னால் போதாது. வேற்று ஆள் வாசலில் நின்று வருமானம் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? வீட்டுக்காரர்களும் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

அம்மா யோசிக்கிறார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறார்.

“கண்ணு, இங்க வா. நீயே சொல்லு.”

பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுவார். இந்தப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வருகிறாள்.

“தினமும் எத்தனை மணி நேரம்மா வெட்டுவே?”

“காலையில ரெண்டு மணி நேரம். சாயங்காலம் மூணு. மூட்டை வராத நாள் இல்லைங்க அண்ணா.”

“தொழிற்பயிற்சி ஏதாவது போயிருக்கியா?”

“இல்லீங்க. எங்கே குடுக்கறாங்க?”

அந்தக் கேள்வியை எழுத அவருடைய பலகையில் இடம் இல்லை. “இல்லை” என்பதை மட்டும் தொட்டுவிட்டு, முன்பு போட்ட 92-ஐ அழிக்கிறார்.