அடைத்த கதவும் அணிந்த நட்சத்திரமும்

அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாநிலத்து உழவர் வீட்டுப் பெண் ஹேசல் ஜான்சன். நோயாளிக்குத் தொண்டு செய்யக் கற்கவேண்டுமென்று ஊருக்கருகே இருந்த செவிலியர் பள்ளியை நாடினார். கறுப்பினத்தவர் என்று கதவடைத்தனர்! கலங்கினாரா? இல்லை, தோழர்களே! நியூயார்க் சென்றார், ஹார்லெம் மருத்துவமனையிலே பயின்றார்.

1948-இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, படையிலே நிறபேதம் ஒழிய வழி திறந்தது. 1955-இல் அம்மையார் தரைப்படைச் செவிலியரானார். பணிக்கிடையே படித்தார்; 1978-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1979-இல் பிரிகேடியர் ஜெனரல்; செவிலியர் பிரிவுக்கே தலைவர்! அத்தரைப்படையில் ஜெனரலான முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

தகுதி அன்றும் இருந்தது, இல்லாதிருந்தது வாய்ப்பு! தகுதி பேசுவோர் முதலில் கதவைத் திறக்கட்டும்; பிறகு பேசட்டும்!