ஆப்பிள் கம்பெனியின் சுங்கச்சாவடி

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2008-ஆம் வருஷம் ஜூலையில் கைப்பேசிச் செயலிகளுக்கென ஒரு கடை திறந்தது. அங்கே ஜனங்கள் செலுத்தும் ஒவ்வொரு 100 டாலரிலும் 30 டாலர் தனக்குத் தரகென்று விதித்தது. சிறு வியாபாரிகளுக்கு 2021 முதல் அது 15 ஆயிற்று.

இதன் மகிமையைக் கம்பெனியின் கணக்கே சொல்லும். 2024-ஆம் நிதி வருஷத்தில் மொத்த விற்பனை சுமார் 39,100 கோடி டாலர். அதில் சேவைப் பகுதி சுமார் 9,600 கோடி. கருவிகள் விற்ற 100 டாலரில் அடக்கம் போக மிஞ்சியது 37, சேவைகளிலோ 74. விளம்பரம் முதலியனவும் இதில் சேர்ந்தவை என்பது மெய்யே. ஆயினும் கடைத் தரகு அதன் முக்கிய அங்கம்.

கம்பெனி புஷ்டியாயிருப்பதாகப் பங்குதாரர் மகிழலாம். அப்புஷ்டி எந்த ஆகாரத்தால் வந்ததென்று நாம் கேட்கிறோம். விலை கொடுத்துக் கருவியை வாங்கியவன், பிறனிடம் சரக்குக் கொள்ளும்போதும் பழைய வியாபாரிக்கு இறுப்பது விலையா, சுங்கமா?

எபிக் கேம்ஸ் 2020-இல் வழக்குத் தொடுத்தது. ஏகபோகம் என்ற வாதம் 2021-இல் நிரூபணமாகவில்லை. ஆனால் வெளியே பணம் செலுத்தும் வழியைக் காட்டுவதற்குத் தடை கூடாதென்று கலிபோர்னியா நியாயஸ்தலம் உத்தரவிட்டது. கம்பெனியோ 2024-இல் அவ்வழிக்கும் 100-க்கு 27 வரை தரகு கேட்டது. உத்தரவை வேண்டுமென்றே மீறியதாக 2025 ஏப்ரலில் நீதிபதி தீர்மானித்தார்.

சோதனைக்கும் பாதுகாப்புக்கும் செலவுண்டு என்பர். செலவுக்குத் தக்க கூலி நியாயமே. மாற்று வழியை அடைத்துப் பெறுவது கூலியன்று. வழி திறந்திருக்கையில் ஜனங்கள் மனமுவந்து கொடுப்பது எவ்வளவோ, அதுவே கம்பெனியின் மெய்யான பலம் என்பது நமது அபிப்பிராயம்.