வளரச் சொல்லும் இன்சுலின்

பெருங்குடலின் உட்சுவர் ஏறக்குறைய நாலைந்து நாளில் புதிதாகிவிடுகிறது. அதிலுள்ள எண்ணற்ற நுண்குழிகளின் அடியில் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. பிறந்த செல்கள் மேலேறி வந்து உதிர்ந்து, கழிவோடு போய்விடுகின்றன. ‘ஏபிசி’ என்ற மரபணு பழுதானால், உதிர வேண்டிய செல் உதிராமல் தங்கிப் பெருகும். அப்படி எழும் சிறு புடைப்புதான் அடினோமா என்ற வகைப் பாலிப். அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை புற்றாக மாறுவதும் இல்லை. மாறுகிறவைக்கும் பத்தாண்டுபோல ஆகும்.

தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களின் குடலில் இந்தப் பாலிப் கூடுதலாகக் காணப்படுகிறது. இடுப்புக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

இன்சுலினைச் சர்க்கரையின் கணக்குப்பிள்ளையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். செல்களிடம் ‘வளர்’ என்று சொல்வதும் அதன் வேலைதான். வயிற்றில் கொழுப்பு சேரச் சேர உடல் இன்சுலினின் பேச்சைக் கேட்காது. கணையமோ இன்னும் அதிகமாகச் சுரக்கும். ஐஜிஎஃப்-1 என்றொரு வளர்ச்சிக் காரணி ரத்தத்தில் உண்டு. அதைப் பிடித்துவைக்கும் புரதங்களில் சிலவற்றை இந்த மிகை இன்சுலின் குறைத்து, அதை அவிழ்த்துவிடும். ஏற்கெனவே ஓயாமல் பிரியும் குடல் செல்களுக்கு இது இரட்டைத் தூண்டுதல்.

இதற்கு இயற்கையே இரண்டு சாட்சிகளை வைத்திருக்கிறது. அக்ரோமெகலி நோயாளிகளுக்கு பிட்யூட்டரிக் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து, ஐஜிஎஃப்-1 ஏறிவிடும். விரல் தடித்து மோதிரம் கழலாது, செருப்பின் அளவு கூடும். குடலில் பாலிப்பும் அதிகம். அதனால் நோய் தெரிந்ததுமே கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளச் சொல்வார்கள்.

மற்ற சாட்சி தென் ஈக்வடாரில். அங்கே லாரான் குறைபாட்டோடு பிறந்த, மிகக் குள்ளமான மனிதர்கள் சுமார் நூறு பேரை 22 ஆண்டுகள் கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் வாசல் இவர்கள் உடலில் வேலை செய்யாது. ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு. இவர்களிலும் பருமனானவர்கள் உண்டு. ஆனால் இன்சுலினும் குறைவு, ஒருவருக்கும் சர்க்கரை நோய் இல்லை, புற்றுநோய் ஒரே ஒருவருக்கு, அதுவும் உயிரைப் பறிக்காதது. ஆக, எடை இயந்திரம் காட்டும் எண்ணைவிட இன்சுலின் போடும் கூச்சல்தான் முக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதனால் கவனிக்க வேண்டியது வயிற்றுக் கொழுப்பைக் காட்டும் இடுப்பளவை. இந்தியர்களுக்கு அதன் எச்சரிக்கைக் கோடு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. கோட்டைத் தாண்டியவருக்குக் குடலில் பாலிப் இருந்தாலும், கொலோனோஸ்கோபியின்போதே மெல்லிய கம்பிச் சுருக்கை மாட்டி அறுத்தெடுத்துவிடலாம். குடலின் உட்சுவருக்கு வெட்டு வலி தெரியாது.