தலை எந்தப் பக்கம் பாஸ்?

உங்க காலேஜ்ல ஒரு கட்டடத்து வாசல்ல 'புதிய மாணவர் விடுதி'ன்னு போர்டு தொங்குதுன்னு வச்சுக்கங்க. நீங்க தேர்ட் இயர். உள்ளே போகலாமா, கூடாதா?

புதுசு விடுதின்னா தாராளமா போகலாம். புதுசு மாணவர்தான்னா, அது ஃபர்ஸ்ட் இயர் பசங்க ஏரியா, வார்டன் விரட்டுவார். போர்டுல இருக்குறது மூணே வார்த்தை. எழுத்துப் பிழை இல்லை. அர்த்தம் தெரியாத வார்த்தையும் இல்லை. அப்புறம் எப்படி ரெண்டு அர்த்தம் வந்துச்சு?

ரேஷன் கடை க்யூ மாதிரி வார்த்தைகள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கிறது மட்டும் இல்லை வாக்கியம். உள்ளே யார் யாரோட கூட்டணிங்கிறதுதான் மேட்டர். 'புதிய'வும் 'மாணவ'ரும் முதல்ல கைகோத்துட்டு, அப்புறம் 'விடுதி'யோட சேர்ந்தா ஒரு அர்த்தம். 'மாணவர் விடுதி' முதல்ல ஜோடி சேர்ந்து, 'புதிய' பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டா இன்னொரு அர்த்தம். 'பழைய புத்தகக் கடை'யும் இதே ரகம்தான். திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு, பழசு புத்தகமா கடையான்னு யாராவது யோசிச்சிருக்கோமா? மூளை சத்தமில்லாம கூட்டணியை முடிவு பண்ணிடுது.

இந்தக் கூட்டணிக் கணக்கைப் படிக்கிற பிரிவுக்குத் தொடரியல்னு பேர். இங்கிலீஷ்ல சிண்டாக்ஸ். 1957-ல் நோம் சாம்ஸ்கி 'சிண்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்'னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுவரைக்கும் ஓரமா உட்கார்ந்திருந்த இந்தப் பிரிவு, மொழியியலோட நடு ஹாலுக்கே வந்துடுச்சு.

கூட்டணி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லேப் எல்லாம் வேண்டாம். உங்க வாயே லேப். இந்த வாக்கியத்தை எடுத்துக்கங்க:

'ஊர்லேருந்து வந்த மாமா எனக்கு ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்தார்.'

'ஊர்லேருந்து வந்த மாமா' ஒரு துண்டு. 'எனக்கு' ஒரு துண்டு. 'ஒரு பழைய சைக்கிளை' ஒரு துண்டு. 'கொடுத்தாரை' கடைசியிலேயே விட்டுட்டு மத்த மூணையும் குலுக்கிப் போடுங்க. 6 விதமா வரும். ஆறுமே நல்ல தமிழ்தான், அழுத்தம் மட்டும் மாறும். இப்போ துண்டை உடைச்சு, 'பழைய'வை மட்டும் தூக்கி 'மாமா'வுக்கு முன்னாடி வையுங்க. 'ஊர்லேருந்து வந்த பழைய மாமா எனக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்தார்.' போச்சு! புது மாமா ஒருத்தர் எங்கேயோ இருக்கார்னு ஆகிடும். குடும்பத்துல குழப்பம்! இன்னொரு டெஸ்ட், முழுத் துண்டுக்குப் பதிலா ஒரே வார்த்தை போட முடியுதான்னு பார்க்குறது. 'அவர் எனக்கு அதைக் கொடுத்தார்.' முடியுதுல்ல? அப்போ அது கூட்டணிதான்.

நம்ம ஆளுங்களும் இதைப் பார்க்காம விடலை. 13-ம் நூற்றாண்டு நன்னூல்ல பொருள்கோள் 8 வகைன்னு வரும். செய்யுள்ல சிதறிக் கிடக்குற வார்த்தைகளை எதை எதோட சேர்த்துப் பொருள் கொள்றதுங்கிறதுதான் சமாச்சாரம். அதுல ஒண்ணோட பேரே 'கொண்டுகூட்டு'. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு, பரீட்சை ஹால் வாசல்லயே மறந்துட்டு வந்தோமே, அதேதான்.

இப்போ என் கதை. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ்ல முதல் வாரம், எழுந்து நின்னு இங்கிலீஷ்ல அறிமுகம் பண்ணிக்கச் சொன்னாங்க. என் மனசுல இருந்த வரி: 'கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமத்துல கடை வச்சிருக்கிறவரோட மகன் நான்.' வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அதனால தைரியமா 'கும்பகோணம் நியர்...'னு ஆரம்பிச்சேன். 'ஒன் வில்லேஜ்...'னு இழுத்தேன். அதுக்கு மேல வண்டி நகரலை. கிளாஸே சிரிச்சுது. அந்த செமஸ்டர் முழுக்க நான் வாயைத் திறக்கவே இல்லை. மூளை மந்தம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சுத்தான், நடந்தது என்னன்னு ஒரு தொடரியல் பாடத்துல புரிஞ்சது. அதே வரியோட இங்கிலீஷைப் பாருங்க: 'சன் – ஆஃப் எ மேன் ஹூ – ரன்ஸ் – எ ஷாப் – இன் – எ வில்லேஜ் – நியர் – கும்பகோணம்.' இதை அப்படியே பின்னாடியிருந்து படிங்க. கும்பகோணம், பக்கத்துல, கிராமம், -ல, கடை, வச்சிருக்கிற, -வரோட, மகன். கண்ணாடியில பார்த்த மாதிரி!

காரணம் என்னன்னா, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு 'தலை' உண்டு. அந்தத் துண்டு என்ன வகைன்னு தீர்மானிக்கிற வார்த்தை. 'ஒரு பழைய சைக்கிள்'ங்கிறது என்ன இருந்தாலும் ஒரு சைக்கிள்தானே, அதான் தலை. தமிழ்ல தலை கடைசியில நிக்கும். 'மேஜை மேல', 'போக முடியும்', 'வருவான்னு'. இங்கிலீஷ்ல பெரும்பாலும் முதல்ல: 'ஆன் தி டேபிள்', 'கேன் கோ', 'தட் ஹி வில் கம்'. நாலு தனித்தனி விதியா மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா, ஒரே ஸ்விட்ச்னு வச்சுக்கலாம். முழுசா கண்ணாடின்னும் சொல்ல முடியாது. 'நான்', 'அவன்'னு வர்ற எழுவாய் ரெண்டு மொழியிலயும் முன்னாடிதான். 'ஓல்ட் சைக்கிள்'லயும் ரெண்டும் ஒரே வரிசைதான்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. ஜோசஃப் கிரீன்பர்க்ங்கிற அமெரிக்கர் 30 மொழிகளை வச்சுக்கிட்டு 1963-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வினைச்சொல் கடைசியில வர்ற மொழிகள்ல 'மேல', 'பக்கத்துல' மாதிரி சொற்களும் பெயருக்குப் பின்னாடிதான் வரும், விதிவிலக்கு ரொம்பக் குறைவுன்னு சொன்னார். ஜப்பானிய மொழி அப்படித்தான். நாம கேள்விக்கு வாக்கியத்தோட வால்ல 'ஆ' போடுற மாதிரி அவங்க 'கா' போடுறாங்க. துருக்கியும் கொரியாவும் நம்ம கட்சி. இந்தி மட்டும் கொஞ்சம் பச்சோந்தி. வினை கடைசியில வரும். ஆனா நம்ம '-ன்னு'வோட வேலையைச் செய்யுற 'கி', இங்கிலீஷ் 'தட்' மாதிரி முன்னாடி போய் உட்காரும்.

ஆக, அன்னிக்கு நான் திக்கினது மந்தத்தால இல்லை. தலையை முதல்ல சொல்ல வேண்டிய மொழியில, பழக்க தோஷத்துல வால்லேருந்து ஆரம்பிச்சுட்டேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெடியாகுறவங்க இதை ட்ரை பண்ணிப் பாருங்க. 'நேத்து நீங்க சொன்ன கடையில வாங்கின சட்டை.' கடைசி வார்த்தையை முதல்ல பிடிங்க. 'தி ஷர்ட்... ஐ பாட்... அட் தி ஷாப்... யூ டோல்ட் மி அபவுட்... யெஸ்டர்டே.' சட்டையில ஆரம்பிச்சு நேத்துல முடியுது பாருங்க. நான் ஒரு நோட்டு போட்டு, தினம் பஸ்ல காதுல விழுற வரிகளை இப்படித் திருப்பித் திருப்பி எழுதினேன். கிராமர் புத்தகத்தை விட அந்த நோட்டுதான் எனக்குக் கை கொடுத்துது. உச்சரிப்பு, ஸ்பீடு எல்லாம் தனிக் கதை. அதுக்கு இது மருந்து இல்லை.

இதையே பட்டமா படிக்கணும்னா சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயும், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துலயும் மொழியியல் துறை இருக்கு. தமிழ் வாக்கியத்தைப் பிரிச்சு மேய்ஞ்சு பார்க்கணும்னா தாமஸ் லேமன் 1989-ல் இங்கிலீஷ்ல எழுதின தற்காலத் தமிழ் இலக்கணப் புத்தகத்தை லைப்ரரியில தேடுங்க.

அதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரி மெஸ்ல ஒரு சண்டையைக் கிளப்பி விடுங்க. 'எனக்குப் பசிக்குது.' இதுல எழுவாய் யாரு? பசி உங்களுக்குத்தான். ஆனா 'பசிக்கிறேன்'னு சொல்றதில்லை. வினை ஏதோ 'அது'வைப் பார்த்து முடியுது. அப்போ எழுவாயே இல்லைன்னு ஒருத்தன் சொல்லுவான். உடனே இதைக் கேளுங்க: 'அவனுக்குத் தன் அம்மாவைப் பிடிக்கும்.' 'தன்' பொதுவா எழுவாயைத்தான் கை காட்டும். இங்கே அது 'அவனுக்கு'ப் பக்கம் கை காட்டுதே, எப்படி? மொழியியல்காரங்களே இதுல ரொம்ப வருஷமா ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. நீங்க எந்தக் கட்சின்னு சாம்பார் வர்றதுக்குள்ளே முடிவு பண்ணுங்க.