ஆடு யார் வீட்டுக்குப் போகும்?

வீடு, வாசல், வழக்கு – 17

உயில் எழுதாமல் அப்பா போய்விட்டார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார், மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. இதுவரை சென்ற வாரம் வந்திருந்தோம். அவகாசம் இருப்பவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் பாகப்பத்திரத்தின் முத்திரைத் தீர்வை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் ஆடு குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

ஆடு நிற்குமிடம் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 37-ஆவது பிரிவு. மெக்காலே காலத்தில் தண்டனைச் சட்டத்துக்குத் தொடங்கிய வழக்கப்படி, பிரிவுக்குக் கீழே குட்டிக் கதைபோல உதாரணம் தந்திருக்கிறார்கள். கிராமத்தில் ஒரு வீடு. குடியிருப்பவர் ஆண்டுக்கு 30 ரூபாய் வாடகையும் ஒரு கொழுத்த செம்மறி ஆடும் தர வேண்டும். வீட்டுக்காரர் அதை மூன்று பேருக்கு விற்றுவிடுகிறார். விலையில் பாதியை ஒருவர் கொடுத்தார். மற்ற இருவரும் கால், கால். இது குடியிருப்பவருக்குத் தெரிந்தபின் வாடகையை எப்படிக் கொடுப்பார்? பாதி போட்டவருக்கு 15 ரூபாய், மற்றவர்களுக்கு ஏழரை, ஏழரை. ஆடு? அதை வெட்டிப் பங்கு போட வேண்டியதில்லை. மூவரும் கூடிப் பேசி எங்கே விடச் சொல்கிறார்களோ அங்கே கொண்டுபோய் விட்டால் போதும்.

அடுத்த உதாரணம் இதைவிட அழகு. அதே ஊரில் வெள்ளம் வராமல் காக்க ஒரு கரை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் சார்பிலும் ஆண்டுக்குப் பத்து நாள் அந்தக் கரையில் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைத் தானே செய்வதாகக் குடியிருப்பவர் பழைய வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது புதுச் சொந்தக்காரர்கள் மூவரும் தனித்தனியே வந்து ‘என் கணக்குக்குப் பத்து நாள்’ என்று கேட்கிறார்கள். முப்பது நாள் ஆகுமா? ஆகாது. சொந்தக்காரர்கள் எத்தனை பேரானாலும் அவர் செய்ய வேண்டியது பத்து நாள்தான். அந்தப் பத்து நாளை எப்படிச் செய்வது என்று மூவரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிவு கிரயம்போன்ற மாற்றத்தால் சொத்து பங்குபங்காகப் போகும்போது வருவது. அப்பா இறந்து வாரிசுகளுக்கு வரும் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இதிலுள்ள நியாயம் நம் வீட்டுச் சண்டைக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. சொந்தக்காரர்கள் பெருகியதற்காகக் குடியிருப்பவரின் சுமை பெருகக்கூடாது. வகுக்கக்கூடியதை வகுத்துக்கொள்ளலாம், வகுக்க முடியாததற்கு எல்லோரும் சேர்ந்து ஒரே வார்த்தை சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஒன்று. காரியம் முடிந்து பதினாறாம் நாள் விருந்தினர் கிளம்பியதும், உள்ளூரில் இருக்கும் அண்ணன் “இனிமே வாடகையை எங்கிட்ட குடுங்க சார்” என்கிறார். அடுத்த வாரம் தங்கை போன் செய்து, “எங்க அண்ணனுக்கு மட்டும் கொடுத்தீங்கன்னா நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்கிறார். மூன்றாமவர் வக்கீல் நோட்டீஸே அனுப்பிவிடுகிறார். மாதம் தவறாமல் வாடகை கொடுத்துவந்த மனிதர் மூன்று பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் செய்த தவறுதான் என்ன?

சட்டம் அவரைக் கைவிடவில்லை. அதே 1882 சட்டத்தின் 50-ஆவது பிரிவு, உரிமை கைமாறியது தெரியாமல் பழையவருக்கே நல்லெண்ணத்தோடு வாடகை கொடுத்தவரிடம் மறுபடி கேட்க முடியாது என்கிறது. வாடகையை யாரிடம் கொடுப்பது என்று நியாயமான சந்தேகம் வந்தால் அதிகாரியிடம் செலுத்திவிடும் வழி, 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவிலேயே இருந்தது. அந்தச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இப்போது போக வேண்டிய இடம் வாடகை அதிகாரி. வாரிசுகள் சண்டை போட்டால் பணம் யார் கைக்கும் வராமல் அங்கே போய் உட்காரும். சொத்து வரி கட்ட வேண்டிய மாதம் வரும்போதுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் அது உறைக்கும்.

‘குடியிருப்பவரால்தான் பாகம் நடக்கவில்லை’ என்று கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பத்தார் மட்டுமே முழுக்கக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. எத்தனை அக்கா தங்கைகள் இந்த ஒரு பிரிவால் காத்துக் கிடந்திருப்பார்கள்! 1996-இல் உச்ச நீதிமன்றம் நரசிம்ம மூர்த்தி எதிர் சுசீலாபாய் வழக்கில், வாடகைக்கு விட்ட வீடு குடும்பமே முழுக்கக் குடியிருக்கும் வீடாகாது, அங்கே இந்தத் தடை நிற்காது என்றது. அதாவது எவரை வெளியேற்றினால்தான் வழி பிறக்கும் என்று நாம் நினைக்கிறோமோ, அவர் உள்ளே இருந்ததால்தான் மகளுக்கு வழி பிறந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அந்தப் பிரிவே சட்டத்தில் இல்லை; நல்ல காரியம். ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில், மாடிப் போர்ஷனில் யாரோ ஒருவர் குடியிருந்த வீட்டு மகள்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

“நான் கையெழுத்துப் போடாமல் எவனும் காலி பண்ண முடியாது” என்று சொல்லும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் மட்டுமே வழக்குப் போட்டு வீட்டைக் காலி செய்யக் கேட்கலாம். மற்றவர்கள் சேரவில்லை என்று குடியிருப்பவர் சாக்குச் சொல்ல முடியாது. ஸ்ரீராம் பஸ்ரிசா வழக்கில் 1976-லேயே முடிந்துபோன விஷயம் இது. மற்ற பங்காளிகள் எதிர்த்து நின்றால்தான் கதை மாறும். ஆனால் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகப் பாகம் முடியுமுன்னே காலி செய்யக் கிளம்புவதை நான் ஆதரிக்கவில்லை. வாடகையும் நின்று, வீடும் பூட்டிக் கிடந்து, அந்தப் பூட்டின் சாவி யாரிடம் என்று அடுத்த சண்டை தொடங்கும்.

இன்றைய வீட்டில் 30 ரூபாய் எது, ஆடு எது? மாத வாடகை 30 ரூபாய். வங்கியில் போட்டு, வரியையும் பழுதுபார்த்த செலவையும் கழித்து, மிச்சத்தைப் பங்குப்படி எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆள் வாங்கி வைத்திருந்தால் மற்றவர்களுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். பாக வழக்கில் அந்தக் கணக்கையும் சேர்த்தே கேட்பார்கள். சண்டை முற்றினால் வாடகையை வசூலிக்க நீதிமன்றமே ஒரு ரிசீவரை நியமிக்கக்கூடும். அவருக்கான கூலியும் வீட்டு வருமானத்திலிருந்துதான் போகும்.

அட்வான்ஸ், புதிய ஒப்பந்தம், ஒழுகும் மொட்டைமாடி ஆகியவைதான் ஆடு. சென்னையில் அப்பா பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அது என்றோ அக்கா கல்யாணத்தில் கரைந்திருக்கும். வீடு எந்தப் பங்குக்குப் போகிறதோ அவர்தான் திருப்பித் தர வேண்டுமா, மூவருமா? இதைப் பேசாமல் எழுதிய பாகப்பத்திரத்தால் மறுபடி முறைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

ஆகவே முதல் வேலை வழக்கும் அல்ல, பத்திரமும் அல்ல. மூவரும் கையெழுத்துப் போட்டுக் குடியிருப்பவருக்கு ஒரு கடிதம். அப்பா இறந்த தேதி, வாரிசுகள் இன்னார், இந்த மாதத்திலிருந்து வாடகை இந்தக் கணக்குக்கு, அப்பாவிடம் நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் இவ்வளவு என்று ஒப்புக்கொள்கிறோம், குழாய் உடைந்தால் இன்னாரைக் கூப்பிடுங்கள், இந்த ஏற்பாடு எங்களில் யாருடைய பங்கையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஒரே பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தில் மூவரும் கையெழுத்துப் போட முடிந்தால் பாகப்பத்திரத்திலும் போட முடியும்.

முத்திரைத் தீர்வைக்கு இந்த வாரம் இடமில்லை. அதை அடுத்த வாரம் பார்ப்போம். கூடவே, வாடகைக்கு விட்ட வீட்டில் பாகம் கேட்டு வழக்குப் போடும்போது ‘கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன்’ என்று சொல்வதற்கும் ‘வெளியே தள்ளப்பட்டேன்’ என்று சொல்வதற்கும் நீதிமன்றக் கட்டணத்தில் வரும் வித்தியாசத்தையும். அதற்குள் அப்பாவின் பீரோவில் பழைய வாடகை ஒப்பந்தத்தையும் அட்வான்ஸ் ரசீதையும் தேடி எடுத்து வையுங்கள்.

(தொடரும்)